பீடித் தட்டு இல்லாத துட்டி வீடு

அருப்புக்கோட்டையில் ஒரு வாடகை அறையில் நான் தனியாக இருந்த காலத்தில் என்னோடு குடியிருந்தது ஒரு படச்சுருள் மட்டும்தான். தகரக் குழாய்க்குள் சுருட்டி வைத்த பெரிய தாள்கள். புகையிலை தின்றழித்த வாய்களின் படங்கள். வீட்டுக்கார அம்மா அதை உள்ளே கொண்டுவர விடவில்லை.

"எடம் ஒனக்குத்தான் குடுத்தேன். அந்த வாயிகளுக்குக் குடுக்கல."

கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் அதைத் தொங்கவிடுவேன். மழை வந்தால் மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. அந்தச் சீமையில் மழை எங்கே வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புற்றுநோய் பற்றியும் புகை பற்றியும் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்கு ஒரு சின்ன சேவை அமைப்பு என்னை வேலைக்கு எடுத்திருந்தது. மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, எந்தப் படத்தை முதலில் விரிப்பது என்று. கேட்க யாருமே நிற்காத தெருமுனையில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பது மட்டும் அந்தப் பாடத்தில் இல்லை.

"ஏய், புத்துநோய் டீச்சர் வாரா!" என்று பிள்ளைகள் ஓடிவரும். அந்தப் பெயர் எனக்கு முன்னால் தெருவுக்குள் போய்விடும். நான் போய்ச் சேரும்போது கதவுகள் ஒருக்களித்திருக்கும்.

"ஏம்மா, அந்தப் படத்தச் சுருட்டு. பிள்ளைக சோறு திங்கிற நேரம்."

ஒருவர் நின்றார். உதட்டில் பீடி. படத்துக்கு மிக அருகே வந்து, குனிந்து, தறித் துணியில் விழுந்த குறையைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். எனக்குள் ஒரு துள்ளல்.

"இந்தாளு எந்த ஊரு?"

"தெரியலைங்கய்யா. படம் மெட்ராஸ்ல இருந்து வந்தது."

"அப்ப நம்மூர்ல இல்ல," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு நடந்தார்.

திருச்சுழி பஸ்ஸில் ஒரு நாள், 'புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருந்ததற்கு நேர் கீழே ஒருவர் பற்றவைத்தார். எழுந்துபோய் அணைக்கச் சொன்னேன். "பஸ்ஸு என்ன ஒங்கப்பன் வீட்டுதா? பொகை ஆகலைன்னா எறங்கி அடுத்த பஸ்ஸுல வா," என்றார். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. கைக்குழந்தையோடு இருந்த பெண்கூட ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் மணியடிக்கச் சொல்லி இறங்கிவிட்டேன். பெயர்ப்பலகைகூட இல்லாத நிறுத்தம். இருபுறமும் வேலிக்கருவை. தூரத்தில் கரிமூட்டத்திலிருந்து புகை நேராக எழும்பி, மேலே போய் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. கரிசல் காட்டில் வெயிலுக்குக்கூட ஒரு துணை வேண்டும்போல. என் நிழலைக் காலடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் வருகிறவரை நான் யோசித்தது ஒன்றைத்தான்: அந்த ஆள் கெட்டவர் இல்லை. அத்தனை பேர் முன்னால் ஒரு பொம்பளை சொல்லி அவரால் அணைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வண்டி கிளம்புவதற்கு முன்பே கண்டக்டரிடம் போய் நிற்பேன். "அண்ணே, எனக்கு மூச்சு முட்டும். ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே." அவர் பொதுவில் குரல் கொடுப்பார்: "பீடி குடிக்கிறவுகள்லாம் கீழயே முடிச்சிட்டு ஏறுங்கப்பா!" யாரும் கோபப்படவில்லை. நாலு இழுப்பு சேர்த்து இழுத்துவிட்டு ஏறினார்கள். பற்றவைப்பதற்கு முன்னால் சொன்னால் அது வேண்டுகோள், பற்றவைத்த பின்னால் சொன்னால் அவமானம். என் வேலையில் நானாகத் தெரிந்துகொண்ட முதல் விஷயம் இது. பகிர்ந்துகொள்ள ஆளில்லாததால் அன்று அதைப் படச்சுருளிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அதே வருஷம்தான் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் போனேன். டீ நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்ததும் காது போய்விட்டது. தறிச் சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கும். பஞ்சுத் தூசி தலைமுடியில், புருவத்தில், விளக்கின் வயரில். ஒருவர் சட்டைப்பையிலும் தீப்பெட்டி இல்லை. ஒரு பொறி விழுந்தால் கூடமே போய்விடும் என்பதால், அங்கே புகைப்பதைப் பற்றி யாரும் நினைப்பதுகூட இல்லை. புகையில்லாத ஓர் இடத்தை இந்த ஊர் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறதே என்று நான் மலைத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கன்னங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கன்னத்திலும் ஒரு புடைப்பு. நெருப்பு கூடாது, அதனால் இலை. ஷிப்டு முழுக்க அதக்கிய புகையிலை.

அந்தச் சத்தத்துக்குள் அவர்கள் கையால் பேசினார்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்து வெடுக்கென்று பிரித்தால், நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசி முறுக்கினால், முடிச்சுப் போட்டாயிற்று, ஓட்டு. மூலையில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காதான், நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, பிற்பாடு எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது. முதலாளி வருகிறார் என்பதற்கு மீசையை முறுக்க வேண்டும்.

"அவுகளுக்கு மீசையே இல்லையேக்கா?"

"அவுக அய்யாவுக்கு இருந்துச்சு. கை அப்பவே பழகிருச்சு, இனி மாறுமா?"

அந்த அக்காவின் புருஷனும் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். நான் பேசி முடித்துப் படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினார். முழுக்கத் திறக்க முடியவில்லை. உள்கன்னத்தில் இருந்த புண்ணைப் பார்த்ததும் என் கையிலிருந்த படத்தை அவர் பார்த்துவிடக் கூடாதென்று அவசரமாக மடக்கினேன். மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சுக் குழறியதை யாரும் கவனிக்கவில்லை, கூடத்தில் யார் பேசுகிறார்கள்? பகல் முழுவதும் புருஷனும் பெண்டாட்டியும் தறிகளுக்கு மேலாகக் கையால் பேசிக்கொண்டவர்கள். வீட்டிலும் அவர் நாலு வார்த்தைக்காரர்தான். "வெயிலுக்குச் சோறு எறங்கலை போலன்னு நெனச்சேன் தாயி," என்றது அக்கா.

மதுரை ஆஸ்பத்திரிக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். தாடையில் ஒரு பகுதியையும் நாக்கில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். உயிர் தங்கியது, பேச்சு தங்கவில்லை. காயம் ஆறியதும் அவர் மறுபடி தறிக்கே போனார். வீட்டிலும் தெருவிலும் அவர் பேச முடியாதவர். தறிகள் ஓடும் இடத்தில் மட்டும் எல்லோரையும் போல ஓர் ஆள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னோடு வர ஆரம்பித்தார். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நான் கூப்பிடவில்லை. ஒரு நாள் சைக்கிளோடு வந்து வாசலில் நின்று, ஆணியிலிருந்த தகரக் குழாயை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். தறிக்காரர்கள் தெருக்களில் நான் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை சொல்லுவேன். பிறகு அவர் முன்னால் வருவார். வெட்டுத் தழும்பு தெரிகிற கன்னத்தில் விரலை வைப்பார். இரண்டு விரல் நுனிகளையும் சேர்ப்பார். பிரிப்பார். முதலில் சிரிப்பு வரும். "ஏலே, சித்தப்பு தறிய நிறுத்தச் சொல்லுறாருலே!" பிறகு சிரிப்பு நிற்கும். ஓரமாகப் போய் யாராவது துப்பிவிட்டு வருவார்கள். அந்தத் தெருக்களில் நான் படச்சுருளைத் திறக்கவே இல்லை. இந்த ஆள் எந்த ஊர் என்று கேட்க அங்கே யாருக்கும் தேவையிருக்கவில்லை.

திருச்சுழிச் சந்தையில் அது எடுபடவில்லை. கரிமூட்டம் போடுகிறவர்களும் ஆடு வாங்க வந்தவர்களும் தறியைக் கண்டார்களா? மைக்கோடு ஒரு பெண், பக்கத்தில் வாய் கோணிய ஆள், கையைக் கையை ஆட்டுகிறார். ஒரு பெரியவர் மெல்ல நெருங்கி, அவர் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்து மூடிவிட்டு, "பாவம், ஊமை," என்று எனக்கும் சேர்த்து ஆறுதல் சொல்லிப் போனார். எனக்கு மைக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அண்ணன் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீக்கடைக்குப் போய் அதைக் கொடுத்து ஒரு டீ வாங்கி வந்து என்னிடம் நீட்டினார். சூடாக எதையும் அவரால் குடிக்க முடியாது. நான் குடித்து முடிக்கிறவரை, சம்பாதித்து வாங்கிக் கொடுத்தவரின் தோரணையோடு, மீசையே இல்லாத இடத்தில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் அந்தச் சந்தைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். கரிமூட்டக்காரர். பார்க்கப் போனபோது பீடியோடு வந்தார். "ஏம்மா, இந்தா சுத்துப்பட்டி ஊரே பொகையுது. நான் ஒருத்தன் பீடிய நிறுத்துனா வானம் வெளுத்துருமாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும்.

பிறகு அண்ணனுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் எங்களைத் திருப்பி அனுப்பிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. படுக்கையில் கிடந்தவர் ஒரு நாள் இடது உள்ளங்கையைத் தட்டுபோல விரித்தார். அதிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து உதட்டில் வைத்தார். பிறகு விரல் நுனிகளைச் சேர்த்துப் பிரித்தார். எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டு வாசலில், துக்கம் கேட்க வருகிற ஆண்கள் உட்காரும் இடத்தில், ஒரு தட்டு வைப்பார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பிரித்த பீடிக் கட்டு, தீப்பெட்டி. தூக்குகிறவரை அது காலியாகக் கூடாது. அது வீட்டாரின் மரியாதை. புகையிலை கொன்றவனின் வீட்டிலும் அதே தட்டுதான், அதே மரியாதைதான். தன் துட்டியில் அந்தத் தட்டில் பீடியும் புகையிலையும் இருக்கக் கூடாது. அண்ணன் கேட்டது அது ஒன்றைத்தான்.

"சரின்னு கையில அடிச்சுக் குடுத்துட்டேன் தாயி," என்றது அக்கா. "ஆனா அன்னைக்கு எனக்கு ஏது வாயி? என்னைய அவுக தலமாட்டுல ஒக்கார வச்சுருவாக. வெளிய ஆம்பளைக பக்கம் என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்க முடியுமா? இத ஒண்ணையும் செய்ய முடியலைன்னா அப்புறம் நான் எதுக்கு அவுகளுக்கு?"

தட்டு வைக்கவேண்டியவர் அண்ணனோடு கூடப்பிறந்த மூத்தவர். பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை. நான் படம் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வியாபாரம் ஓய்ந்த மத்தியானத்தில் போய் நின்றேன். அவர் தலைக்கு மேல் பீடிக் கட்டுகள் சரமாகத் தொங்கின.

"எங்கய்யாவுக்கு வச்சோம். எங்காத்தாவுக்கு வச்சோம். தம்பிக்கு வைக்கலைன்னா என்ன சொல்லுவாக? அண்ணங்காரன் கடையே வச்சுருக்கான், ஒரு கட்டு பீடிக்கு வக்கத்துப் போயிட்டான்னுல்ல சொல்லுவாக!"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கினேன். "யாரு சொல்லுவாகன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படி யாரும் கேட்டதில்லை போல. "யாரு... தறிச் செட்டுக்காரப் பயலுக சொல்லுவானுக. திருச்சுழி மச்சினன் சொல்லுவாரு. வேற யாரு இருக்கா."

"அவுக சொல்லலைன்னா?"

"அன்னைக்குப் பாத்துக்கிருவோம் போம்மா," என்று தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

சாகாத மனிதனின் துட்டியைப் பற்றிப் பேச ஊர் ஊராக அலைவது எவ்வளவு அசிங்கமான வேலை என்பது அப்போது தெரிந்தது. கூடத்துக்குப் போனேன். சத்தத்துக்குள்ளேயே நின்று, உள்ளங்கையைத் தட்டாக விரித்து, அண்ணன் காட்டியதை அப்படியே காட்டினேன். அவர்கள் தறிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் ஊடுநூல் ஓட்டும் நாடாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். திருச்சுழிக்குப் போனேன். கரிமூட்டக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எந் தங்கச்சி கேக்குதா, நீ கேக்குறியா?" என்றார். "அக்காதான்." "பாப்போம்," என்றார். அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாராவது ஒருவராவது 'சரி' என்று சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். ஒரு வருஷமாக அந்த வார்த்தைக்குத்தான் அலைந்துகொண்டிருந்தேன் என்றும் தோன்றியது.

அண்ணன் ஒரு காலையில் போனார்.

நான் போனபோது கொட்டு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் உள்ளே நடுவீட்டில் கிடத்தப்பட்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தலைமாட்டில் அக்கா. அழவில்லை. என்னைக் கண்டதும் அதன் கண் என் முகத்தில் நிற்கவில்லை, என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பின்வாங்கி நிலைப்படியில் நின்றேன். அங்கிருந்து பந்தல் தெரியும்.

பெஞ்சுகளில் ஆண்கள். நடுவில் ஸ்டூலின் மேல் தட்டு. வெற்றிலையும் பாக்கும் மட்டும். கூடத்து ஆட்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் தட்டைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வாயிலிருந்து முதல் சொல் விழும் என்று காத்திருப்பவரைப் போல.

திருச்சுழி ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கோடித் துணியோடு அக்காவின் அண்ணன் முன்னால் வந்தார். அவரோடு வந்த ஒருவர், தூரம் வந்த களைப்பில் தட்டுக்குக் கையை நீட்டி, விரலால் வெற்றிலையை விலக்கித் தேடினார். இல்லை. வீட்டார் துக்கத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நல்ல மனதோடுதான் செய்தார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு முழுக் கட்டை எடுத்துப் பிரித்துத் தட்டில் வைத்தார். மேலே தீப்பெட்டியையும் வைத்தார்.

கொட்டுச் சத்தத்தில் யாரும் எதுவும் பேசிக் கேட்காது. பெண் என்பதால் நான் அந்த நிலைப்படியைத் தாண்டிப் போக முடியாது.

கூடத்து ஆட்களில் ஒருவர், நாடாவை எடுத்துப் பார்த்தாரே அவர், கைகளைத் தூக்கினார். இரண்டு விரல் நுனிகளைச் சேர்த்துப் பிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் பிரித்தார். அதற்குப் பக்கத்தில் இருந்தவரும். திருச்சுழிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகம் முகமாகப் பார்த்தார். மூத்தவர் எழுந்தார். தட்டிலிருந்த பீடிக் கட்டை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. அவர் பார்த்தது கரிமூட்டக்காரரைத்தான். கரிமூட்டக்காரர் தலையை ஒரு பக்கமாக, லேசாக அசைத்தார்.

மூத்தவர் கட்டையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்தவரின் பைக்குள்ளேயே திரும்பப் போட்டு, பையைத் தட்டிக்கொடுத்தார். கையைப் பிடித்து உட்காரவைத்து, வெற்றிலையை எடுத்து அவரே மடித்துக் கொடுத்தார்.

நாலைந்து பேர் எழுந்து தெருமுனைக்குப் போனார்கள். அங்கே போய்ப் புகைத்திருப்பார்கள். புகைக்கட்டும். கரிமூட்டக்காரரும் போனார்.

நான் உள்ளே திரும்பினேன். ஒப்பாரிக்கு மேல் எந்த வார்த்தையும் அக்காவைப் போய்ச் சேராது. அத்தனை தலைகளுக்கு மேலாக என் கையைத் தூக்கினேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உரசி முறுக்கினேன். முடிச்சுப் போட்டாயிற்று.

அக்கா பார்த்தது. தன் கையைக் கொஞ்சம் தூக்கி, பாதியில், எனக்கு இல்லாமல், கிடத்தியிருந்தவரின் பக்கம் திருப்பி, அதே மாதிரி முறுக்கிக் காட்டியது. பகல் முழுக்கத் தறிகளுக்கு மேலாகக் காட்டுமே, அப்படி. பிறகுதான் அழ ஆரம்பித்தது.

தூக்கிக்கொண்டு போனதும் கொட்டு தெருவைத் தாண்டித் தேய்ந்தது. பெண்கள் தண்ணீர் ஊற்ற எழுந்தார்கள். சத்தம் ஓய்ந்துவிட்டால் கையால் பேச வேண்டிய அவசியம் இல்லை. என்னிடமோ அந்த வீட்டில் வாயால் பேசிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால், சொல்லிக்கொள்ளாமலே இறங்கினேன். பந்தலில் ஆளில்லாத ஸ்டூலின் மேல் தட்டு அப்படியே இருந்தது. வெற்றிலைகள் வெயிலில் சுருண்டிருந்தன.

அறைக்குப் போனேன். ஆணியில் தகரக் குழாய் இல்லை. படுக்கையில் விழுவதற்கு முன் வந்த கடைசி ஞாயிறன்று அண்ணன் தோளில் மாட்டிக்கொண்டு போனது, அவர் வீட்டிலேயே எங்கேயோ கிடந்தது. நான் போய்க் கேட்கவில்லை. மறுவாரம் ஓர் ஊரில் வெறுங்கையோடு நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை.